டன் கடைசியில் வரட்டும்: நெல்லைச் சீமையில் எந்த வீட்டுக்கு எந்தக் குளிர்ச்சி?

2025 செப்டம்பர் 22 அன்று ஏசி மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 2026 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீட்டின் அளவுகோலை மத்திய மின்துறையின் கீழ் உள்ள பிஇஇ (BEE) என்ற எரிசக்திச் சிக்கன அமைப்பு இறுக்கியது. முதல் மாற்றத்தால் விலை இறங்கியது. இரண்டாவது மாற்றத்தால், போன வருடம் ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்த மாடல்கள் பல இந்த வருடக் கணக்கில் நான்காகிவிட்டன. பழைய ஐந்தா, புதிய நான்கா, ஒரு டன்னா, ஒன்றரையா என்ற குழப்பத்தோடுதான் இப்போது பலர் கடைப்படி ஏறுகிறார்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் உண்டு. ஆனால் வீட்டைப் பார்த்த பிறகுதான் அவற்றைக் கேட்க வேண்டும். திருநெல்வேலி டவுனில் ரதவீதிப் பக்கம் உள்ள பழைய வளவு வீடு, பெருமாள்புரத்தில் 1990 வாக்கில் எழுந்த கான்கிரீட் வீடு, உவரியில் கடலைப் பார்த்த வீடு ஆகிய மூன்றிலும் ஒரே மெஷினை மாட்டினால் அது மூன்று விதமாக நடந்துகொள்ளும். கடைக்காரர் மேல் தப்பு இல்லை, அவருக்கு வீடு தெரியாது. வீட்டுக்கு வரும் மெக்கானிக்குக்கு அது தெரிந்தாக வேண்டும்.

முதலில் அடிப்படை: சூடு எங்கிருந்து வருகிறது?

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூட்டை அள்ள முடியும் என்பதுதான் டன். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (BTU, சூட்டை அளக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட். ஐஸ் கட்டியைக் கொண்டு குளிர்வித்த காலத்தில், ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் சூட்டை அளவாக வைத்தார்கள். மெஷினின் எடைக்கும் இந்த டன்னுக்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் எத்தனை டன் வேண்டும் என்பது, அறைக்குள் எவ்வளவு சூடு நுழைகிறது என்பதைப் பொறுத்தது. நுழைகிற வழிகள் நான்கு:

1. கூரை. நம் ஊரில் இதுதான் பெரிய வழி. மேலே இன்னொரு மாடி இருந்தால் இந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும்.
2. மேற்குச் சுவரும் மேற்கு ஜன்னலும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து நேராக அடிக்கும் பக்கம்.
3. இடுக்குகள். கதவடி, ஜன்னல் சட்டம், ஓட்டு இடைவெளி வழியாக வரும் வெளிக்காற்று.
4. உள்ளே இருக்கும் ஆட்கள், விளக்கு, டிவி, ஃப்ரிட்ஜ்.

சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு டன் சொல்கிறவர் இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. 120 சதுர அடி அறை கீழ்த்தளத்தில் இருந்து, மேலே மாடியும் இருந்தால் ஒரு டன் தாராளம். அதே அளவு அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்து இருந்தால் ஒன்றரை டன்னும் மே மாதத்தில் திணறும்.

நட்சத்திரம் என்பது ஐசீர் (ISEER) என்ற எண்ணை வைத்துத் தரப்படுவது. வருடம் முழுக்க அந்த மெஷின் வெளியேற்றும் சூட்டை, அது குடிக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது ஐசீர். எண் பெரிதாக இருந்தால் செலவு குறைவு. இந்தக் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போடப்படுகிறது. அளவுகோல் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுவதால், நட்சத்திரத்தை எண்ணிப் பயனில்லை. ஸ்டிக்கரில் உள்ள ஐசீர் எண்ணை ஒப்பிட்டால் பழைய ஐந்து, புதிய நான்கு என்ற குழப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

நெல்லைச் சீமை ஒரே வானிலை இல்லை

மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் தாமிரபரணி. நூறு கிலோமீட்டர்கூட இல்லாத இந்த அகலத்துக்குள் காற்று நாலு விதமாக மாறுகிறது.

*நகரமும் ஆற்றுப் பக்கமும்.* ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மழையை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்டு இறங்கி வருகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் பாளையங்கோட்டையில் மதியம் அனல் காற்று வீசுவது இதனால்தான். இந்த வறட்சியில் ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும். அதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் தண்ணீர் ஆவியாகாது, கூலர் வெறும் ஃபேன் ஆகிவிடும்.

கணக்காகவே பார்க்கலாம். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், ஆவியாதலால் அந்தக் காற்று இறங்கக்கூடிய எல்லை சுமார் 26 டிகிரி. நல்ல கூலர் அந்த இடைவெளியில் ஐந்தில் நாலு பங்கை எட்டும். வெளிவரும் காற்று 28, 29 டிகிரியில் இருக்கும். கடற்கரையில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் எல்லையே 29 டிகிரி. கூலர் தருவது 30 டிகிரிக் காற்று, அதுவும் சொதசொதவென்று. உவரியிலும் இடிந்தகரையிலும் கூலர் வாங்கிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நகரத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் கூலர் எடுபடாது. ஜன்னலை மூடிக்கொண்டு கூலர் போட்டால் எந்த ஊரிலும் எடுபடாது; ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும்.

*தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம்.* செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் சாரல் காலம் முழுக்க ஈரம். சித்திரை வெயிலைத் தவிர மற்ற நாட்களில் சூட்டைவிடப் புழுக்கமும் பூஞ்சையும்தான் தொந்தரவு. இங்கே ஏசியில் முக்கியமாக ஈரத்தை எடுக்கும் டிரை மோடு பல நாட்களுக்குப் போதும். பெரிய டன் வாங்கினால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் அடங்கிவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிர்கிறது, ஆனால் பிசுபிசுக்கிறது என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் மெஷின் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும்.

*வள்ளியூர், பணகுடி, ராதாபுரம்.* ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. காற்றாலை நிற்கும் ஊரில் அவுட்டோர் யூனிட்டை எந்தப் பக்கம் மாட்டுவது என்பது பெரிய விஷயம். அதன் ஃபேன் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மேற்கே முகம் காட்டி வைத்தால் ஆனி, ஆடிக் காற்று அதை எதிர்த்துத் தள்ளும்; சூடு வெளியேறாமல் கம்ப்ரசர் கொதித்து நிற்கும். கிழக்குச் சுவரில், காற்றுக்கு மறைவாக மாட்டுவதே சரி. கிழக்கில் இடமில்லை என்றால் வடக்கோ தெற்கோ பரவாயில்லை.

*கடற்கரையும் தேரிக்காடும்.* உவரி, கூடுதாழை, கூடங்குளம், அந்தப் பக்கம் மணப்பாடு, திருச்செந்தூர், காயல்பட்டினம். உப்புக்காற்று அவுட்டோரின் அலுமினியத் தகடுகளை அரித்துப் பொடியாக்கும், தாங்குகிற இரும்பு பிராக்கெட்டையும் விடாது. காப்பர் காயில், அதன் தகடுகள் மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சு, துருப்பிடிக்காத பிராக்கெட் என்ற மூன்றும் இங்கே ஆடம்பரம் இல்லை. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் காற்றுக் காலத்தில் தேரியின் செம்மண் பறந்து ஃபில்டரை அடைக்கும். மற்ற ஊரில் மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்ற ஃபில்டரை அங்கே வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சர்வீஸுக்கு வருகிறவர் அவுட்டோரைக் கழுவ வீட்டு மோட்டாரில் பைப்பை மாட்டுவார். ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பு. கடல் உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்! கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது.

வீட்டின் வயது என்ன சொல்கிறது?

*ஓட்டு வீடு.* நாட்டு ஓடோ சீமை ஓடோ, சூட்டைச் சேர்த்து வைப்பதில்லை. வெயில் இறங்கினால் ஓடும் ஆறிவிடும். இடுக்குகள் வழியாக மேலே ஏறிய சூடு வெளியேறிவிடும். அதே இடுக்குதான் ஏசிக்கு எதிரி. குளிர்ந்த காற்றும் அதே வழியாகப் போய்விடும். முழு வீட்டுக்கும் ஏசி என்பது இங்கே வீண் செலவு. ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் அடித்து, அதன் மேல் காப்புப் பாய் விரித்து, கதவு ஜன்னலை இறுக்கிவிட்டு அந்த அறைக்கு ஒரு டன் போடலாம். சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள வெளிக்கு இரு முனையிலும் காற்றுப்போக்கி விடாவிட்டால் அங்கே சூடு தேங்கும், எலியும் குடியேறும்.

*வளவும் மச்சும் மட்டப்பாவும்.* டவுனிலும் பழைய அக்ரஹாரங்களிலும் மேலப்பாளையத்தின் ஒட்டு வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். திண்ணை, தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று நீளவாக்கில் போகும் வீடு. இரு பக்கமும் அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவர். தடித்த சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரையைப் பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். கான்கிரீட்டைவிட இது சூட்டைத் தாங்கும்.

இந்த வீடுகள் முன்பு குளிர்ச்சியாக இருந்ததும் இப்போது புழுங்குவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்: முற்றம். சூடான காற்று மேலேறி முற்றத்தின் வழியாக வெளியேறும். அந்த இழுப்பில் தெருக்காற்று தார்சா வழியாக உள்ளே வரும். மழைக்கும் குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடியதும் அந்த இழுப்பு நின்றுவிட்டது. ஷீட் வழியே வெளிச்சத்தோடு வெயிலும் இறங்குகிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஏசி கேட்டு வருகிறவரிடம், முதலில் ஷீட்டைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் வலையடித்துக் காற்று போக விடுங்கள் என்று சொல்கிற மெக்கானிக் தன் வியாபாரத்தையே குறைத்துக்கொள்கிறவர். அவரை விட்டுவிட வேண்டாம்.

ஏசி போடத்தான் வேண்டும் என்றால் கவனிக்க வேண்டியவை:

1. சுத்தியல், உளி வைத்துச் சுவரை உடைக்க விடக்கூடாது. சுண்ணாம்புச் சுவர் அதிர்ந்தால் பூச்சு அடுக்கோடு விழும். கோர் கட்டிங் மெஷினில் வட்டமாக ஓட்டை போட வேண்டும்.
2. அவுட்டோரை முற்றத்தில் வைத்தால் வெளியே தள்ளிய சூடு திரும்ப வீட்டுக்குள்தான் வரும். மாடிக்கு ஏற்ற வேண்டும். காப்பர் பைப் நீளும். விலையோடு வருவது பெரும்பாலும் மூன்று மீட்டர்தான். மேற்கொண்டு மீட்டருக்கு என்ன விலை என்பதை முன்னரே எழுதி வாங்க வேண்டும்.
3. டிரெய்ன் பைப்பின் வாட்டம். நீண்ட வீட்டில் தண்ணீர் புறவாசல் வரை போக வேண்டும். வாட்டம் தப்பினால் தண்ணீர் இன்டோரிலிருந்து சுவரில் இறங்கும், சுண்ணாம்பு ஊறும்.
4. சுண்ணாம்புச் சுவருக்குப் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியேறாது. ஏசி அறையில் அது கொப்புளமாக வெடிக்கும். சுண்ணாம்பு அடிப்பதே நல்லது.

*1980 முதல் 2010 வரையிலான கான்கிரீட் வீடு.* மகாராஜநகர், தியாகராஜநகர், கேடிசி நகர், தாலுகா ஊர்களின் விரிவாக்கப் பகுதிகள் எல்லாம் இந்த வகை. இதற்குத்தான் ஏசி அதிகம் விற்கிறது, இதில்தான் அதிகம் வீணாகிறது. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் காலை முதல் மாலை வரை வெயிலைக் குடித்து, இரவு பத்து மணிக்கு மேலும் கீழே கக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் போட்டால் அந்த அனலைத்தான் கட்டிலுக்கு இறக்குகிறது.

அந்தக் காலக் கொத்தனார்கள் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். இந்த அடுக்கு மழையையும் தடுக்கும், சூட்டையும் தாமதப்படுத்தும். ஆனால் நம் பக்கம் ஒரு வழக்கம்: பின்னால் மாடி எடுக்க வேண்டும் என்று தூண் கம்பிகளை வானத்தைப் பார்த்து நீட்டிவிட்டு, தளத்தை வெறுமனே விட்டுவிடுவது. மாடி இருபது வருடமானாலும் வராது. தட்டோடும் வராது. ஊரிலேயே அதிகம் வேகும் வீடுகள் இவைதான்.

இப்படிப்பட்ட வீட்டில் வேலையின் வரிசை முக்கியம். முதலில் தளத்தை வெள்ளையாக்க வேண்டும். வெள்ளை டைல்ஸ், வெயிலைத் திருப்பும் பெயிண்ட், அல்லது கையில் காசு இல்லையென்றால் வெறும் சுண்ணாம்பு. சுத்தமான வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்; பாசி படிந்த கறுத்த தளம் ஏறக்குறைய முழுவதையும் விழுங்கும். பங்குனியில் அடித்தால் கத்திரி வெயிலுக்கு உதவும். ஆடிக் காற்றின் தூசி படிந்ததும் ஒருமுறை கழுவிவிட வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டியோ பச்சை வலையோ கட்ட வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. இதை எல்லாம் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து டன் பற்றிப் பேசலாம். ஒன்றரை கேட்ட அறைக்கு ஒன்று போதும் என்று முடிவது அரிதல்ல.

இன்வெர்ட்டர் ஏசி வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசரை மெதுவாக ஓட்டுவதில்தான் இன்வெர்ட்டரின் சிக்கனம் இருக்கிறது. வேகும் தளத்துக்குக் கீழே அது மெதுவாக ஓடும் நேரமே வராது. காசு கொடுத்து வாங்கிய சிக்கனம் கூரை வழியாகப் போய்விடும்.

*புது வீடு.* இரண்டு மாடி உயர ஹால், மேற்கே பெரிய கண்ணாடி, முன்பக்கம் எலிவேஷன். அழகாக இருக்கிறது, சரி. அந்த ஹாலைக் குளிர்விக்க நினைப்பதை விட்டுவிட்டுப் படுக்கையறைகளைக் குளிர்வித்தால் போதும். கட்டும்போதே காப்பர் பைப்பைச் சுவருக்குள் புதைப்பதாக இருந்தால், பூசும் முன் நைட்ரஜன் ஏற்றி ஒரு நாள் அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூசியபின் கசிவு தெரிந்தால் சுவரை உடைப்பதைத் தவிர வழியில்லை. ஒரே அவுட்டோரில் நாலைந்து இன்டோரை இணைக்கும் அமைப்பை விற்க வருவார்கள். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத ஊரில், அது நின்றால் வீடு முழுக்க நிற்கும். களக்காட்டிலோ திசையன்விளையிலோ தனித்தனி ஸ்பிளிட் போடுவதே புத்திசாலித்தனம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

அவுட்டோரும் ஆற்று வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி சந்திப்பு, சிந்துபூந்துறை, கைலாசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வந்தது. தரையில் ஸ்டாண்டு போட்டு வைத்திருந்த அவுட்டோர்கள் சேற்றுக்குள் போனால் கம்ப்ரசரைவிட முதலில் சாவது சர்க்யூட் போர்டு. ஆற்றுப் பக்கத்திலும் குளத்தங்கரைப் பக்கத்திலும் அவுட்டோரும் அதன் ஸ்விட்சும் அன்றைய தண்ணீர்த் தடத்துக்கு மேலே இருக்க வேண்டும். நனைந்த மெஷினைக் காய வைத்து அப்படியே ஆன் செய்வது ஆபத்து. திறந்து பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது.

வயரும் இ.பி. பில்லும்

பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் மெல்லிய வயரில் ஃபேனும் லைட்டும் ஓடலாம், ஏசி ஓடக்கூடாது. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), உயிரோடு இருக்கும் எர்த். உயிரோடு இருக்கும் என்று சொல்லக் காரணம், வறண்ட செம்மண்ணில் எர்த் குழி வருடக்கணக்கில் தண்ணீர் காணாமல் செத்துக் கிடக்கும். லைனின் கடைசியில் உள்ள கிராமங்களில் இரவு எட்டு மணிக்கு வோல்ட்டேஜை அளந்து பார்த்துவிட்டு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். பகலில் அளந்தால் ஏமாற்றும்.

பில் கணக்கு. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஒரு இரவு எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். ஏற்கெனவே 250 யூனிட் எடுக்கும் வீடு 610-க்குப் போகும். 2025-ல் இருந்த கட்டணப்படி தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் ஏறக்குறைய பாதி விலையில் கிடைத்தது. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், மேலே வரும் யூனிட்டுகளின் விலையும் படிப்படியாக ஏறும். ஆகவே 500-ன் விளிம்பில் நிற்கும் வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலை அதிகமான யூனிட். அங்கே ஐசீர் கூடுதலான மெஷினுக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வரும். சென்னையிலிருந்து மகன் வரும் இருபது நாளைக்கு மட்டும் ஓடும் அறைக்கு மூன்று நட்சத்திரமே அதிகம்.

26 டிகிரியில் வைத்து மேலே ஃபேனையும் ஓடவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அது போதும். செட்டிங்கை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பிஇஇ சொல்லும் கணக்கு. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில். கூடங்குளம் உலையும் காற்றாலைகளும் நம் வாசலிலேயே இருக்கின்றன என்பதற்காக நமக்குத் தனி ரேட் யாரும் தரப்போவதில்லை.

சூடு எங்கே தேவை?

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளை விட்டால் இந்தச் சீமையில் அறையைச் சூடாக்க வேண்டிய வீடு கிடையாது. ஹாட் அண்ட் கோல்டு ஏசி என்று கூடுதல் விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம். நமக்குச் சூடு என்றால் வெந்நீர் மட்டும்தான். சித்திரையில் அதுவும் தேவையில்லை. மாடி டேங்க் தண்ணீரே கையைச் சுடும்.

15 லிட்டர் ஹீட்டர் தண்ணீரை 27-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும். செலவைவிட உப்புதான் இங்கே பிரச்சினை. போர் தண்ணீர் வீடுகளில் காயில் மேல் உப்பு ஓடு போல் படிந்து, சூடேற நேரமாகி, கடைசியில் காயில் வெடிக்கும். உள்ளே அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது. அது கரைந்து தீர்ந்தபின் டேங்க் அரிக்கத் தொடங்கும். அதை வருடம் ஒருமுறை பார்க்கிறவரே ஹீட்டர் சர்வீஸ் செய்கிறவர். சோலார் என்றால் உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகை தாக்குப்பிடிக்கும். செப்புக் குழாய்த் தகடு வகை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கேஸ் குறைந்துவிட்டதா?

சர்வீஸில் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஏசியில் உள்ள கேஸ் எரிபொருள் இல்லை, செலவாகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது அடுத்த வருடமும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது. குளிர்ச்சி குறைய அழுக்கு ஃபில்டர், அடைத்த காயில், கெட்டுப்போன கெப்பாசிட்டர், குறைந்த வோல்ட்டேஜ் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் பார்த்த பிறகுதான் கேஸ் என்ற பேச்சு வர வேண்டும்.

முறையான வேலை இப்படி நடக்கும்:

1. கேஜ் மாட்டி அழுத்தம் பார்ப்பது. எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்ப்பது.
2. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைக் கண்டுபிடிப்பது. கடற்கரையில் பெரும்பாலும் காயிலில் இருக்கும், மற்ற இடங்களில் பைப் இணையும் நட்டில்.
3. அடைத்தபின் வேக்கம் பம்ப் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் முழுக்க எடுப்பது. கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளே உள்ள காற்றை ஊதித் தள்ளுவது வேக்கம் ஆகாது.
4. மெஷினின் பெயர்ப்பலகையில் எழுதியுள்ள எடையை, தராசில் வைத்து ஏற்றுவது.

எந்த கேஸ் என்பதும் முக்கியம். பழைய மெஷின்களில் ஆர்-22, அப்புறம் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது பெரும்பாலும் ஆர்-32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்ற முடியாது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. சில மெஷின்களில் வரும் ஆர்-290 என்பது புரோப்பேன், நன்றாகவே எரியும். கேஸை முறையாக எடுக்காமல் பைப்பில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கிறவரை வீட்டுக்குள் விடக்கூடாது. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் சர்வதேச ஒப்பந்தப்படி ஒழிக்கப்பட்டு வருகிறது. அந்த கேஸ் உள்ள பழைய மெஷினில் காயில் கசிந்தால் பணம் போட்டு ஓட்டுவதில் பயனில்லை.

யாரிடம் கொடுப்பது?

கம்பெனி சர்வீஸா, ஊர் மெக்கானிக்கா? வாரண்டி காலத்தில் கம்பெனி தவிர வேறு ஆள் திறந்தால் வாரண்டிக்குச் சிக்கல் வரும், ஆகவே கம்பெனிதான். பத்து வருட கம்ப்ரசர் வாரண்டி என்பதில் கேஸ், கூலி, வண்டிச் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதை அட்டையில் படிக்க வேண்டும். பெரும்பாலும் கம்ப்ரசர் மட்டும்தான். கம்பெனி ஆள் திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வர வேண்டிய ஊர்களில், வாங்கும் முன்பே அந்த சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, எங்கள் ஊருக்கு ஆள் வருவீர்களா, எத்தனை நாளில், தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடலாம். போனை எடுக்கிறார்களா என்பதே பாதிப் பதில்.

வாரண்டி முடிந்த பிறகு நல்ல ஊர் மெக்கானிக் பல நேரம் மேல். அவரிடம் வேக்கம் பம்ப்பும் தராசும் சொந்தமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஐடிஐ சான்றிதழ் இருந்தால் நல்லது, ஆனால் அந்த இரண்டு கருவி இல்லாத சான்றிதழால் நமக்கு லாபமில்லை.

வருடாந்தர ஒப்பந்தத்தில் இரண்டு வகை. ஒன்றில் கழுவித் துடைப்பது மட்டும், இன்னொன்றில் உதிரி பாகமும் சேரும். காயில், கேஸ், போர்டு மூன்றும் அதில் இருக்கிறதா என்று எழுத்தில் பார்க்க வேண்டும். கடற்கரை வீட்டுக்கு இரண்டாவது வகை கிடைத்தால் எடுக்கலாம். கடலிலிருந்து தள்ளி உள்ள வீட்டுக்கு முதல் வகையே தேவையில்லை, மாசியில் ஒருமுறை கூப்பிட்டுக் கழுவினால் ஆகும். சித்திரை பிறந்தபின் கூப்பிட்டால் எந்த மெக்கானிக்கும் ஒரு வாரத்துக்கு முன்னால் வரமாட்டார், வந்தாலும் அவசரத்தில் கழுவுவார்.

எந்த வேலைக்கும் பில் வாங்க வேண்டும். அதில் கேஸின் வகை, ஏற்றிய எடை, மாற்றிய பாகம், தேதி இருக்க வேண்டும். கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.